பார்வதியின் செடி: ஒரு தரம், ரெண்டு தரம்

1.

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கதைக்கான கரு எங்கே கிடைத்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் ரயில் பயணம், அடைமழை, யாரோ ஒரு குழந்தையின் சிரிப்பு என்று என்னென்னவோ சொல்வார்கள். எனக்கு அது வாட்ஸப்பில் கிடைத்தது. ஓர் ஆர்கிட் ஏலத்தின் நடுவே நான் கேட்ட தொகைக்கு மேல் ஐம்பது ரூபாய் ஏற்றி, 'பார்வதி' என்ற பெயரில் யாரோ ஒருவர் கேட்டார். பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் நோட்டைத் திறந்து எழுதிய முதல் வரி: 'அவள் நாசமாய்ப் போக.'

(அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் கதையின் உண்மையான முதல் வரி அதுதான் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.)

ஆர்கிட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கல்யாண வரவேற்பு மேடையில் மணமக்களுக்குப் பின்னால் ஊதா நிறத்தில், நிஜமா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வரும்படி நிற்குமே, அது ஒரு வகை. இப்படிச் சொன்னது தெரிந்தால் எங்கள் குழுவில் என்னை அடிக்க வருவார்கள். நாங்கள் வாங்குவது அந்தச் சாதாரண வகை அல்ல. எவரிடமும் இல்லாத வகை. அதாவது, பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறது என்று தெரிந்த மறுநிமிடம் எங்களுக்கு வேண்டாமற் போய்விடும் வகை.

ஏலம் நடக்கும் முறை எளிது. விற்பவர் படம் போடுவார், தொடக்க விலை சொல்வார், எந்த நாள் வரை என்று சொல்வார். வேண்டியவர்கள் தொகையை எழுதிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் யார் தொகை நிற்கிறதோ அவருக்குச் செடி. குழுவை நடத்தும் கோயம்புத்தூர் நிர்மலா மேடம் இரண்டு விதிகள் வைத்திருக்கிறார். ஏலத்தில் வைத்த செடியிலிருந்தோ கேட்ட தொகையிலிருந்தோ பின்வாங்கக் கூடாது. மற்றவரிடம் 'நீ கேட்காதே' என்று சொல்லக் கூடாது. மீறினால் குழுவிலிருந்து நீக்கம், அப்புறம் ஆயுளுக்கும் சேர்க்கமாட்டார்.

நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கிறேன். மாடியில் பச்சை வலை கட்டி, இரும்பு அடுக்கு போட்டு, அதில் செடிகள். தளம் சமமாக இல்லாததால் அடுக்கின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. என் முதல் சிறுகதைத் தொகுப்பின் விற்காத பிரதிகள் சரியான உயரத்தில் இருந்தன. "எப்படியோ, உங்க புஸ்தகத்த நம்பியும் ஒன்னு நிக்குது பாருங்க" என்றாள் துர்கா. துர்கா என் மனைவி. கதிர்காமத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரத்தம் பார்த்துப் பழகியவள், அதனால் கூசாமல் பேசுவாள்.

2.

இனி கதை. நான் எழுதிப் பார்த்த தொடக்கங்களை அப்படியே தருகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

முதல் தொடக்கம்: 'கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவரும் வெள்ளைச் சன்னலுமாக நிற்கும் அந்த வீட்டின் முற்றத்தில், மதாம் பார்வதி பீங்கான் கோப்பையில் காப்பியை உறிஞ்சியபடி கைப்பேசியைப் பார்த்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர் விட்டுச்சென்ற பென்ஷனும் தனிமையும் அவளுக்கு நிறையவே இருந்தன. போகன்வில்லா உதிர்ந்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள்'

நிறுத்திவிட்டேன். புதுச்சேரியைப் பற்றி எழுதுகிறவன் பேனாவைத் திறந்தாலே போகன்வில்லா தானாக உதிர்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், மஞ்சள் சுவர் வீட்டுக்குள் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் யாருடைய பார்சலோ என் முகவரிக்கு வந்துவிட்டதைக் கொடுக்க.

இரண்டாம் தொடக்கம்: 'ஏலம் என்பது ஆசையின் கணிதம். மனிதன் ஒரு பொருளை விரும்புவதில்லை, மற்றவன் விரும்புவதை விரும்புகிறான். இந்த இருத்தலியல் நெருக்கடியில்'

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த துர்கா சொன்னாள்: "இதுக்கு அந்தக் காப்பி குடிக்கற பொம்பளயே தேவலாம்."

ஆகவே மூன்றாவது தொடக்கம். இதில் ஜோடனை இல்லை, நடந்தது மட்டும்.

3.

ஏற்காட்டில் இருக்கும் கவிநிலா என்ற பெண் வெளிநாடு போகிறாள். தன் செடிகளை ஒவ்வொன்றாக ஏலத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று, தேங்காய் மட்டைக் கூடையில் தொங்கும் ஒரு செடி. தாயும் தகப்பனும் பரிசு வாங்கிய செடிகள். ஆனால் பிள்ளை இதுவரை ஒரு பூவும் பூத்ததில்லை. இப்போதுதான் முதல் முறையாகப் பூக்காம்பு விட்டு, நுனியில் மொட்டு. எந்த நிறத்தில் பூக்கும், யாருக்கும் தெரியாது. உலகத்தில் ஒருவரும் பார்க்காத பூ.

வாசகரே, உங்களுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. எனக்கு அது பெரிது. மூன்று புத்தகம் எழுதிவிட்டேன், இதுவரை எதையும் முதலில் சொன்னவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஒரு பூவையாவது முதலில் பார்த்தவனாக இருந்துவிட்டுப் போகிறேனே?

கேட்டேன். உடனே 'பார்வதி' என்ற பெயரிலிருந்து ஐம்பது ஏறியது. நான் ஏற்றினேன். பார்வதி ஏற்றினார். மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஆபீசில் கோப்புக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஏற்றினேன். மதாம் பார்வதியின் முத்துமாலை, அலட்சியமான புன்னகை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. (அவள் நாசமாய்ப் போக.)

நான் மறுபடியும் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் பார்வதியிடமிருந்து குழுவுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அழுத்தினால் ஆண் குரல். பின்னணியில் படகு எஞ்சின் சத்தம்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இந்தச் செடி எனக்கு வேண்டுதல் மாதிரிங்க. தயவுபண்ணி யாரும் மேல ஏத்தாதீங்க. புண்ணியமாப் போவும்."

குழுவில் தீப்பிடித்தது. "இது அநியாயம்" என்றார் ஒருவர். "கூட்டு சேர்க்கிறார்கள்" என்றார் இன்னொருவர். "இதெல்லாம் மார்க்கெட் தர்மத்துக்கே விரோதம்" என்று நீளமாக ஒருவர் எழுதினார், அது நான்தான். நிர்மலா மேடம் இரண்டாம் விதியை மறுபடி ஒட்டிவிட்டு, 'பார்வதி நீக்கப்பட்டார்' என்று முடித்தார்.

என் தொகை நின்றது. ஏலம் முடிய இன்னும் அவகாசம் இருந்தது, ஆனால் எதிரில் ஆள் இல்லை. வென்றேன் என்று சந்தோஷப்படாமல் மனது ஏதோ செய்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் ரொம்ப சந்தோஷமாக இருந்தது, துர்காவைக் கூப்பிட்டு மசால்வடை வாங்கிவரச் சொன்னேன்.

4.

மறுநாள் ஞாயிறு. கீழே கேட்டைத் தட்டும் சத்தம். எட்டிப்பார்த்தால், கையில் மஞ்சப்பையோடு ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். வெயிலில் கறுத்த முகம், மடித்துக்கட்டிய வேட்டி.

"எழுத்தாளர் சார் வூடு இதானுங்களா? நான் பார்வதி வூட்டுக்காரன். கலியபெருமாள். நோணாங்குப்பம் ஆத்துல போட்டு ஓட்டறேன்."

(குழுவில் என் பெயருக்குக் கீழே 'எழுத்தாளர், முதலியார்பேட்டை' என்று போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து இதுவரை ஒரு வாசகரும் தேடிவந்ததில்லை. இவரும் தெருமுனை டீக்கடையில் 'எழுத்தாளர் வூடு' என்று கேட்டிருக்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. 'மாடில செடி வெச்சிருப்பாரே' என்றதும் 'அட, அந்தப் பச்சை வலைக்காரனா' என்று கைகாட்டியிருக்கிறார்கள்.)

என் மதாம் பார்வதி அந்த நிமிடம் பீங்கான் கோப்பையோடு செத்துப்போனாள்.

அவரை உட்காரவைத்து துர்கா டீ கொடுத்தாள். அவர் பையை நீட்டினார். "கொஞ்சம் எறா இருக்குதும்மா. காலைல புடிச்சது."

"அண்ணே, எதுக்கு இதெல்லாம்?" என்று துர்கா சொல்லிக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தாள்.

"நேத்து குரூப்புல பேசுனது தப்புன்னு சொல்லி வெளிய தள்ளிட்டாங்க சார்" என்று ஆரம்பித்தார். "எங்க ஊர் அம்மனுக்குச் சாத்துன பொடவைய திருநா முடிஞ்சதும் ஏலம் வுடுவாங்க. ஒருத்தன் எழுந்து 'எனக்கு வேண்டுதல்'னு சொல்லிட்டான்னா, அப்பறம் எவனும் வாயத் தொறக்க மாட்டான். எதுக்க பணக்காரனே நின்னாலும் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்குனு அந்தாண்ட பாப்பான். பூசாரி சும்மா ஒரு மொறைக்கு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொல்லிட்டுப் பொடவையக் குடுத்துடுவாரு. அதாங்க மருவாதி. இதுவும் ஏலந்தானேன்னு நெனச்சிட்டேன்."

"அந்தச் செடி மேல உங்களுக்கு என்ன வேண்டுதல்?" என்றேன்.

"அது பார்வதி செடி சார்."

பிறகு சொன்னார். பார்வதி மில்லில் வேலை செய்தவர். மில் மூடியதும் வேலை போனது.

"ரெண்டு வருசம் அவ வூட்ட வுட்டு வெளியவே வரல சார். எங்கிட்டயே பேசல. சோறு ஆக்குவா, போடுவா, போயி செவுத்தப் பாத்து ஒக்காந்துக்குவா. அப்பறம் பொண்ணு அனுப்புன போன்ல இந்த ஏலத்தப் பாத்து, வெரல் நீட்டுக்கு ஒரு நாத்து வாங்குனா. அது வந்த அன்னிக்குத்தான் என்னைக் கூப்புட்டு 'யோவ், இங்க வந்து பாரு'ன்னா. அவ வாய்லேருந்து வந்த மொதல் பேச்சு சார் அது."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அஞ்சு வருசமா வளத்தா. பூக்கவே இல்ல. நடுவுல அது ஒரு குட்டி வுட்டுது. அத்த எடுத்து, இந்தக் கவிநிலாப் பொண்ணு ஆசப்பட்டுச்சுன்னு சும்மா அனுப்பி வெச்சா. அதான் இப்ப ஏலத்துல கீது."

(ஆர்கிட் குட்டி என்றால் விதையிலிருந்து வந்த பிள்ளை அல்ல. தண்டிலிருந்து கிளம்பிய அதே செடி. அதே உயிர், வேறு கூடை. தாய்ச்செடி என்ன பூக்குமோ இதுவும் அச்சாக அதே பூக்கும். உலகத்தில் அதற்கு வேறு ஜோடி கிடையாது.)

"தாய்ச்செடி?" என்றேன்.

"நான் கொன்னுட்டேன் சார்."

துர்கா சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"பொண்ணு பிரசவத்துக்கு இவ ஓசூர் போயிட்டா. அவ போவறப்பதான் செடி மொத மொத காம்பு வுட்டிருந்தது. போன வெச்சிட்டுப் போனா, தண்ணி தெளிக்க அலாரம் அடிக்கும்னு. நான் போயி செடியப் பாத்தேன். கூடைல மண்ணே இல்ல சார்! நாலு கரித்துண்டு, ரெண்டு மட்ட. வேரெல்லாம் வெளிய நீட்டிக்குனு அந்தரத்துல ஆடுது. நாங்க நெல்லு போட்ட குடும்பம். ஒரு செடிய அப்பிடிப் பட்டினி போட்டுப் பாக்க மனசு கேக்கல. ஏரி வண்டலு, மக்குன சாணி, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, எங்க நெலத்துக்குக் கூட நான் அவ்ளோ நல்லாப் போட்டதில்ல. காலைல தண்ணி, சாயங்காலம் தண்ணி."

"ஐயோ" என்றேன். ஆர்கிட்டின் வேர் காற்றில்தான் இருக்க வேண்டும். மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டி அழுகும்.

"மொதல்ல எல மஞ்சளாச்சு. சத்து பத்தலையோன்னு இன்னும் ரெண்டு கை சாணி வெச்சேன்."

துர்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. சிரிப்புதான் என்று நினைத்தேன். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"டெய்லி பொண்ணு போன்லேருந்து கூப்புடறா. பூத்துச்சா, வீடியோல காட்டுங்கறா. நெட்டு சரியில்லன்னு சொல்லிக்கினு இருக்கறேன்."

"ஓசூர் வரைக்கும் எட்டற நெட்டு செடிகிட்டப் போனா மட்டும் போயிடுதா அண்ணே?" என்றாள் துர்கா.

"அத்தயேதாம்மா அவளும் கேட்டா."

இப்போது நிலைமை இது. செடியையும் கொன்றாயிற்று, அவள் பெயரில் பேசி அவளைக் குழுவிலிருந்தும் வெளியே தள்ளியாயிற்று. கவிநிலாவிடமே கேட்டிருக்கிறார். ஏலத்தில் வைத்ததை இனி எடுக்க முடியாது, விதி என்று அவளும் வருத்தப்பட்டிருக்கிறாள்.

"வர்ற வெள்ளிக்கெழம சாயங்காலம் பஸ்சுல வர்றா சார். அதுக்குள்ள அந்தச் செடி எடத்துல தொங்கணும். நீங்கதான் எடுக்கப்போறீங்க. எடுத்து எனக்குக் குடுத்துடுங்க. ரேட்டு எவ்ளோவோ நான் கட்டிடறேன்."

"அவங்களுக்குத் தெரியாமப் போயிடுமா?" என்றேன்.

"இல்ல சார், ஏமாத்த எல்லாம் இல்ல. கொன்னுட்டேன்னு சொல்லிடுவேன். ஆனா இத்தப் பக்கத்துல வெச்சிக்குனு சொல்லணும். வெறுங்கையோட நின்னு சொன்னா மறுபடி செவுத்தப் பாத்து ஒக்காந்துக்குவா. அத்த இன்னொரு தபா என்னால பாக்க முடியாது சார்."

நான் "பாக்கலாம்" என்றேன். துர்கா "குடுப்பாரு அண்ணே" என்றாள்.

5.

இந்த இடத்தில் கதாசிரியனுக்கு ஒரு சந்தேகம். கலியபெருமாளை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் ரொம்ப நல்லவராகத் தெரிகிறாரோ? இறால் வேறு கொண்டுவந்துவிட்டார். ஒரு குறையாவது வைத்தால் பாத்திரம் நிமிர்ந்து நிற்கும் என்று தோன்றி, அவர் பீடி பிடிப்பதாகவும் துர்காவைப் பார்த்துப் பல்லிளித்ததாகவும் ஒரு பத்தி எழுதினேன். எழுதியதும்தான் புரிந்தது: அவரிடம் குறை இருந்தால் செடியைக் கொடுக்காமலிருக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கும். இலக்கியத்துக்காக எழுதிய பத்தி அல்ல அது. கிழித்துவிட்டேன்.

(இறால் தொக்கு அருமையாக இருந்தது. இதைக் கதையில் சேர்க்க வேண்டியதில்லை, ஆனால் தின்றவன் சொல்லாமலிருப்பது நன்றிகெட்டதனம்.)

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் துர்கா அன்று ராத்திரி சாப்பிடும்போது. "செடி வரும், குடுப்பீங்க. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். யாரும் என்னை ஏலத்திலிருந்து விலகச் சொல்லவில்லை. எந்த விதியையும் மீறச் சொல்லவில்லை. வாங்கிக் கொடுத்தால் போதும். கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டா என்பதுதான் கேள்வி. மாமனார் ஒரு குட்டி கேட்டு எத்தனையோ தீபாவளி ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் 'இன்னும் வேர் விடல மாமா' என்கிறேன். போன தீபாவளிக்கு அவரே மாடியேறி வந்து, என் அடுக்கில் அந்தக் குட்டியின் பேரன் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

6.

ஏலம் முடிந்தது. குழுவில் பூங்கொத்துப் படமாகப் போட்டு வாழ்த்தினார்கள். புதன்கிழமை பார்சல் வந்தது.

பிரித்தேன். கவிநிலா கெட்டிக்காரி. மொட்டு அடிபடாமலிருக்கத் தண்ணீர் பாட்டிலை வெட்டிக் காம்பைச் சுற்றிக் கூண்டு மாதிரி வைத்து, உள்ளே பஞ்சு அடைத்திருந்தாள். கூடையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். மொட்டு பருத்திருந்தது. பச்சைத் தோலின் விளிம்பில், கொஞ்சமே கொஞ்சம், ஏதோ ஒரு நிறம். சிவப்பா, பழுப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. இரண்டு மூன்று நாளில் விரிந்துவிடும்.

அப்போது கைப்பேசி அடித்தது.

"சார், கலியபெருமாள் பேசறேன். செடி வந்துச்சுங்களா?"

"இன்னும் வரலையே" என்றேன்.

செடி என் மடியில் இருந்தது.

அடப் பாவி என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது. ஒரே ஒரு தடவை பூப்பதைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு நியாயம் உள்ளே எழுந்து உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை கொடுத்தால் ஆகாதா? ஞாயிற்றுக்கிழமை? மறுநாளும் அவர் கேட்டார். மறுநாளும் "பார்சல் ஆபீஸ்ல ஏதோ லேட்டாம்" என்றேன். அவர் ஓசூருக்குச் சொன்ன பொய்யும் நான் நோணாங்குப்பத்துக்குச் சொன்ன பொய்யும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அந்தப் பெண்மணி தன் செடியைப் பார்க்க முடியாதபடி நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தோம். அவராவது பயத்தில் மறைத்தார்.

செடியை அடுக்கின் பின்வரிசையில் மறைத்துவைத்தவன், அட்டைப்பெட்டியை மறந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துர்கா கையில் அது கிடைத்தது. இன்று காலை, டியூட்டிக்குக் கிளம்பும் நேரம். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பெட்டியை என் எழுதும் மேசைமேல் வைத்தாள். என் எதிரிலேயே கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணே, துர்கா பேசறேன். செடி வந்திருக்கு. பஸ் ஸ்டாண்டு போறதுக்கு முன்ன இங்க வந்து வாங்கிக்குங்க. சார் வீட்லதான் இருப்பாரு."

பிறகு என்னிடம்: "நான் இருந்து நானே எடுத்துக் குடுத்துடலாம். குடுக்கப் போறதில்ல. நீங்களே குடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

7.

இன்று வெள்ளிக்கிழமை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செடி எதிரில் தொங்குகிறது. முடிவுகளை முயன்று பார்க்கிறேன்.

முடிவு அ: கொடுத்துவிடுகிறேன். பார்வதி வருகிறார், அழுகிறார், சிரிக்கிறார். மறுநாள் பூ விரிகிறது. விஷயம் தெரிந்து நிர்மலா மேடம் அவரை மறுபடி குழுவில் சேர்க்கிறார். எல்லோரும் நல்லவர்கள். இந்த மாதிரி முடிவுகளைத்தான் என் முதல் தொகுப்பு முழுக்க எழுதியிருந்தேன். அது இப்போது எதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

முடிவு ஆ: கொடுக்கவில்லை. பூ என் மாடியில் விரிகிறது. சாக்கடைத் தண்ணீர் நிறத்தில், சுண்டைக்காய் அளவில், முகர்ந்தால் குமட்டுகிறது. தெய்வம் நின்று கொல்லும். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் அனுபவத்தில் தெய்வம் இவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. பூ பெரும்பாலும் அழகாகவே பூத்துத் தொலைக்கும், நானும் அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுவேன்.

முடிவு இ: செடியில் பழைய தண்டு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் வெட்டி நான் வைத்துக்கொண்டு, மொட்டுள்ள பாகத்தை அவரிடம் கொடுத்தால்? அவருக்கும் செடி, எனக்கும் செடி. யாருக்கும் நஷ்டமில்லை. மொட்டு இருக்கும் நேரத்தில் கத்தி பட்டால் மொட்டு உதிர்ந்துவிட வாய்ப்பு உண்டு, ஆனாலும்

இந்த முடிவை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், கத்தியைக் கழுவி ஏற்கெனவே பக்கத்தில் துடைத்து வைத்திருக்கிறேன். எப்போது எழுந்து போய் எடுத்துவந்தேன் என்று நினைவில்லை. எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. கத்தியைக் கொண்டுபோய்க் கீழே சமையற்கட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

முடிவு ஈ, துர்கா ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியது: 'கதைய அப்பறம் முடிங்க. மொதல்ல செடிய எறக்குங்க.'

8.

எனக்குத் தெரிந்த ஏல நுணுக்கங்களெல்லாம் எப்படி ஜெயிப்பது என்பது பற்றியவை. எப்போது ஏற்றுவது, எப்போது ஆசையில்லாதவன் மாதிரி நடிப்பது, கடைசி நிமிடத்தில் எப்படிப் பாய்வது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என்னிடம் துண்டே இல்லை. அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எறும்பு கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டு காலையில் இருந்ததைவிட இப்போது நெகிழ்ந்திருக்கிறது. ஓரம் பிரிகிறது. இன்னும் கொஞ்ச நேரம், இல்லையென்றால் நாளைக் காலை.

கீழே பைக் நிற்கும் சத்தம்.

"சார்!"

ஒரு தரம்.

எட்டிப்பார்த்தேன். கலியபெருமாள். வெளுத்த சட்டை, தலையைப் படிய வாரியிருக்கிறார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பைக்கின் பின்னால் கூடையைக் கட்டிக்கொள்ளக் கயிறும் பழைய தலையணையும் கொண்டுவந்திருக்கிறார். இங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், அதற்கு முன் வீட்டுக்குப் போய்ச் செடியை அதன் இடத்தில் மாட்ட வேண்டும். நேரம் இல்லை.

வாசகரே, என் சங்கடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் கூடையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் பேனா வைத்துக்கொண்டு இறங்கினால் படிக்கட்டில் மொட்டு இடிக்கும். கதைக்கு முடிவு எழுத உட்கார்ந்தால் செடி இறங்காது. செடி இறங்கினால் முடிவு எழுத இங்கே ஆள் இருக்கமாட்டான். நல்ல முடிவு ஒன்று வாயில் ஊறிக்கொண்டு நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், மிக அழகானது, பூவின் நிறம்கூட அதில் வருகிறது

"சார்!"

ரெண்டு தரம்.

மூன்றாவதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தால், நான் இறங்கவில்லை என்று அர்த்தம்.